வீட்டுக்கு மட்டும்னு போட்ட பதிவு

நீங்க யார்கிட்டயும் வாயைத் தொறந்து சொல்லாத ஒரு விஷயத்தை, இன்னொருத்தர் வாயால, அதுவும் உங்க வார்த்தையிலயே, என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?

ஒரு தையல்காரி கேட்டா. ஒரு தடிமனான கோட்டுக்குக் கை நீளம் குறைச்சுக்கிட்டு இருந்தப்போ கேட்டா. வாயில குண்டூசிகளைக் கவ்விக்கிட்டு இருந்ததால "என்னது?"ன்னு உடனே கேக்கக்கூட முடியல.

சொன்னது முதலாளியம்மா. அது துணி திருத்துற கடை. புதுசா எதுவும் தைக்கிறதில்ல. ஜிப் மாத்துறது, இடுப்பைப் பிரிச்சு விடுறது, பேண்ட்டுக்குக் கீழ மடிச்சுத் தைக்கிறது, இவ்வளவுதான். முதலாளியம்மா கல்லாவுக்குப் பின்னாடி உயரமான ஸ்டூல்ல உக்காந்து, போனை ஒரு முழம் தள்ளிப் பிடிச்சு, கண்ணை இடுக்கி இடுக்கிப் பாத்துக்கிட்டே பேசுவாங்க. நேரா எதையும் கேக்கற வழக்கம் கிடையாது. தலையைச் சுத்தித்தான் மூக்கைத் தொடுவாங்க.

"ஏம்மா, பின்தெருவுல மீன்தொட்டி விக்கிற கடை காலியாகுதாமே. முன்பக்கம் பூராவும் கண்ணாடி. வெளிச்சம் கொட்டுது. அங்க உக்காந்தா ஊசி கோக்க லைட்டே வேணாம், என்ன?"

தையல்காரிக்குத் தூக்கி வாரிப் போட்டுது. குண்டூசியை ஒண்ணொண்ணா எடுத்து மணிக்கட்டுல கட்டியிருந்த பஞ்சு மெத்தையில குத்தினா. குத்த குத்த யோசிச்சா. 'ஊசி கோக்க லைட்டே வேணாம்.' அது அவ எழுதின வரி. போன வாரம் எழுதினது.

"எனக்குத் தெரியல மேடம். மீன் வாங்குற அளவுக்கு எனக்கு எங்க நேரம்?"

"அதான, அதான"ன்னு சிரிச்சுக்கிட்டே முதலாளியம்மா போனுக்குத் திரும்பிட்டாங்க.

விஷயம் இதுதான். தையல்காரி தனியா ஒரு கடை போடப் போறா. மீன்தொட்டிக் கடை காலியானதும் அந்த இடத்தை எடுக்கணும்னு பேசி வெச்சிருக்கா. இடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு கண்டிஷன் போட்டிருந்தார்: ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும், ரெண்டு பேரும் இதே ஊர்ல இருக்கணும். அவளோட வீட்டுக்காரருக்குக் கப்பல்ல சமையல் வேலை, கரைக்கு வர்றதே அபூர்வம். அதனால ரெண்டாவது கையெழுத்து நாத்தனார் போடுறதா இருந்துச்சு. நாத்தனார்னா வீட்டுக்காரரோட தங்கச்சி. கண்ணாடிக் கடையில வேலை, ஃப்ரேமுக்குள்ள லென்ஸ் மாட்டிக் குடுக்குறது. தையல்காரியோட அதே வீட்டுலதான் இருக்கா. இந்த ஊர்ல ஒருத்திக்கு இன்னொருத்தியை விட்டா சொந்தம்னு வேற யாரும் கிடையாது.

இடத்துக்காரரை விட்டா, கடை விஷயம் இவங்க மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும். முதலாளியம்மா காதுக்குப் போனா அன்னைக்கே வேலை போயிடும். புதுக் கடைக்கு இன்னும் சாவி கைக்கு வரல. நடுவுல அந்தரத்துல தொங்கணும். அதனால காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கணும்னு பேச்சு.

அப்போ எப்படி வெளிய வந்துச்சு?

இப்போ அவ எழுதுற வலைப்பதிவைப் பத்திச் சொல்லணும். வீட்டுக்காரர் கப்பலுக்குப் போன புதுசுல தனிமை தாங்காம ஆரம்பிச்சது. சிக்கிக்கிட்ட ஜிப்பை எப்படி எடுக்கறது, தேஞ்சு போன காலரை எப்படித் திருப்பித் தைக்கிறதுன்னு படத்தோட எழுதுவா. படிக்க ஆள் சேந்துச்சு, கடைக்கு வர்றவங்க சிலருக்குக்கூட அது அவ எழுதுறதுன்னு தெரியும். நடுநடுவுல வீட்டு விஷயமும் எழுதுவா. அதுக்குக் காரணம் வீட்டுக்காரர்.

"நடுக்கடல்ல போன் பேசினா பாதியில கட்டாகுது. நீ எழுதிப் போட்டுடு. கரை வந்ததும் மொத்தமா உக்காந்து படிச்சுக்கறேன்"னார்.

வீட்டு விஷயத்தை ஊர் படிக்கக் கூடாதில்ல? அதனால அந்தப் பதிவுகளுக்கு மட்டும் 'வீட்டுக்கு மட்டும்'னு ஒரு பேர் குடுத்தா. பக்கத்துக்குப் பின்னாடி ஓடுற கோடுல, அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதுற கட்டளையில, ஒரு சோதனை வெச்சா. இந்தப் பதிவு 'வீட்டுக்கு மட்டும்' வகையில இருக்கா? இருந்தா, வந்திருக்கிறது யாருன்னு பாரு. பாஸ்வேர்டு போட்டு வந்த ஆளா இருந்தா காட்டு. இல்லேன்னா 'இது வீட்டு ஆளுங்களுக்கு'ன்னு ஒரு வரியைக் காட்டி அனுப்பிடு. அவ்வளவுதான். பாஸ்வேர்டு மூணு பேருக்கு. அவளுக்கு, வீட்டுக்காரருக்கு, நாத்தனாருக்கு.

நாத்தனார் கேட்டு வாங்கினது அது. "எங்க அண்ணனைப் பத்தி என்னல்லாம் எழுதுறீங்கன்னு நான் மேற்பார்வை பாக்கணும் அண்ணி. குடுத்துடுங்க."

கோடு எழுத யாரும் சொல்லிக் குடுக்கல. வீடியோவைப் பாத்து, நிறுத்தி, திரும்பப் பாத்து, தானா கத்துக்கிட்டது. ஒரு தடவை பக்கம் மொத்தமும் வெள்ளையாப் போயி, மூணு நாள் ஜுரம் வந்தவ மாதிரி கெடந்து சரி பண்ணினா. அதுக்கப்புறம் அந்த விஷயத்துல அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தினா. அதுவரைக்கும் 'வீட்டுக்கு மட்டும்'ங்கிறது 'ஜிப்', 'காலர்', 'கிழிசல்'னு மத்த வகைகளோட ஒரே வரிசையில இருந்துச்சு. பக்கத்து ஓரத்துல அந்தப் பேர் தெரிஞ்சுது. யாரோ ஒரு முகம் தெரியாத ஆள், "அதென்னங்க வீட்டுக்கு மட்டும்? எங்களுக்கும் காட்டுங்க"ன்னு எழுதிட்டுப் போயிட்டார். இவளுக்குக் கூச்சமாப் போச்சு. அதனால தனியா, சொந்தமா ஒரு வகைப்பாடு உண்டாக்கினா. அதுக்கு 'யாருக்கு'ன்னு பேர் வெச்சா. அதுக்குள்ள மூணு அறை: எல்லாருக்கும், வீட்டுக்கு மட்டும், எனக்கு மட்டும். பழைய பதிவுகளை ஒவ்வொண்ணா அதுக்குள்ள மாத்தி, பழைய பேரை அழிச்சுட்டா. பட்டன் டப்பாவைக் கவுத்துக் கொட்டி, கலர் கலராப் பிரிச்சு வெச்ச மாதிரி மனசுக்கு அவ்வளவு நிம்மதி. பக்கத்தைத் தொறந்து பாத்தா. பதிவு மேல சிவப்பு எழுத்துல 'வீட்டுக்கு மட்டும்'னு ஜம்முனு நின்னுச்சு. திருப்தியா மூடிட்டா.

அதனாலதான் இவளுக்குச் சந்தேகம் கோடு பக்கம் போகவே இல்ல. பூட்டு நல்லாத்தான் இருக்கு. அப்போ சாவி வெச்சிருக்கிற ஆள்தான்.

வீட்டுக்காரர் கப்பல் கரையை விட்டு எப்பவோ போயாச்சு. மிச்சம் ஒரே ஆள்.

அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்போ நாத்தனார் சோபாவுல காலை நீட்டி உக்காந்திருந்தா. இவளைக் கண்டதும் கையில இருந்த போனை மடியில கவுத்து வெச்சா. வேற ஒரு நாளா இருந்தா இவ கவனிச்சிருக்கவே மாட்டா.

"என்ன அண்ணி, மூஞ்சி கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைப்பா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. யார்கூடப் பேசிட்டிருந்த?"

"நான் யார்கூடப் பேசுனேன்? சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்ன பாத்த?"

"அண்ணி, என்ன போலீஸ் வேலைக்கு மனு போட்டிருக்கீங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டா. போனையும் கையோட எடுத்துக்கிட்டுப் போனா.

சந்தேகம்ங்கிறது துணியில பட்ட எண்ணெய் மாதிரி. முதல்ல ஒரு பொட்டுதான் தெரியும். அடுத்த தடவை பாக்கறப்போ உள்ளங்கை அகலம் ஆயிருக்கும். நாத்தனார் பாத்ரூம்ல இருந்தபடி மெதுவா போன் பேசினா, சந்தேகம். கலகலன்னு சத்தமாப் பேசினா, மறைக்கத்தான் இப்படிச் சத்தம் போடுறாள்னு சந்தேகம். "மீன்தொட்டிக் கடைக்காரர் எப்போ சாவி தருவாராம்?"னு கேட்டா, 'அங்க போயி ஒப்பிக்கணும்ல'ன்னு மனசுக்குள்ள ஒரு குரல்.

ரெண்டு மூணு நாள் கழிச்சு, கல்லா மேல புதுசா ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு கெடந்துச்சு. கருநீலம். மூடி மேல வெள்ளி எழுத்துல கடைப் பேர். நாத்தனார் வேலை பாக்கற கடை!

"கண்ணாடி போட்டிருக்கீங்களா மேடம்?"

"ஆமாம்மா. போன்ல சின்ன எழுத்து ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. படிக்க ஆசையா இருக்கு, கண்ணு ஒத்துழைக்கல. அங்க ஒரு பொண்ணு நல்லாப் பாத்து மாட்டி விட்டுச்சு. வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனா கைகாரி."

வாய் நீளம்னதுமே அந்தப் பொண்ணு யாருன்னு இவளுக்குச் சந்தேகமே இல்ல.  ரெண்டு பேரும் சந்திச்சிருக்காங்க. நேருக்கு நேரா உக்காந்து, மூக்குல ஃப்ரேம் வெச்சுப் பாத்து, காதுக்குப் பின்னாடி வளைச்சு விட்டுன்னு எவ்வளவு நேரம் பேசியிருப்பாங்க! வீட்டுக்கு வந்து நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னாளா? "உங்க முதலாளியம்மா கடைக்கு வந்தாங்க"ன்னு வாய் தவறிக்கூட வரலையே.

அன்னைக்கு ஒரு பட்டன் காஜாவைத் தப்பா வெட்டிட்டா. இத்தனை வருஷத்துல அப்படி நடந்ததே இல்ல.

சாயங்காலம் வீட்டுல ஆள் இல்லாத நேரமாப் பாத்து வலைப்பதிவைத் தொறந்தா. 'எனக்கு மட்டும்' அறையில, மனசுல இருந்ததை அப்படியே கொட்டினா. அந்த அறைக்கு அவளைத் தவிர யாருக்கும் சாவி இல்ல. வீட்டுக்காரருக்கும் இல்ல. அதுக்குன்னு வெச்சிருந்த சோதனையும் அதே பழைய வரியைக் காப்பி எடுத்து, பேரை மட்டும் மாத்திப் போட்டதுதான். அந்தத் தைரியத்துல தட்டுற விரலே கூசிப் போற மாதிரி எழுதினா. கண்ணீர் வந்துச்சு. எழுதி முடிச்சதும் மனசு லேசாச்சு.

அடுத்ததா பொறி வெச்சா. 'வீட்டுக்கு மட்டும்' அறையில ஒரு பொய்ப் பதிவு. மீன்தொட்டிக் கடை வேணாம்னு விட்டாச்சு, லாண்டரிக்கு மேல மாடியில ஒரு ரூம் பாத்திருக்கு, படி ஏறணும், ஆனா காத்து நல்லா வரும். எல்லாம் கற்பனை. லாண்டரிக்கு மேல ரூமே கிடையாது, தகரக் கூரைதான்.

இதை வாயால யாருக்கும் சொல்லல. அடுத்த நாள் பூராவும் முதலாளியம்மா பக்கமே காதை வெச்சுக்கிட்டு மெஷினை ஓட்டினா. ஒண்ணும் வரல. அதுக்கடுத்த நாள் மத்தியானம், ஒரு கவுனுக்கு லைனிங் பிரிச்சுக்கிட்டு இருந்தா. முதலாளியம்மா புதுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க:

"மாடியில கடை போட்டா வெளங்குமா, சொல்லு? முட்டி வலிக்காரங்க பேண்ட்டைத் தூக்கிக்கிட்டுப் படி ஏறுவாங்களா? காத்து வந்து என்ன பண்ண, கஸ்டமர் வரணுமே."

அவ்வளவுதான். பிரிக்கிற ஊசி விரல்ல ஏறிடுச்சு. கவுன்ல ரத்தம் படக்கூடாதேன்னு விரலை வாயில வெச்சுக்கிட்டு, எந்திரிச்சுப் பின்பக்கம் போனா.

வீட்டுக்கு வந்து சேந்தப்போ நாத்தனார் தன்னோட வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தா. இவ செருப்பைக் கழட்டல. கதவுலயே நின்னா.

"எத்தனை நாளா?"

"எத்தனை நாளா என்ன அண்ணி?"

"நடிக்காத. என் முதலாளிகிட்ட எத்தனை நாளா ஒப்பிச்சுக்கிட்டு இருக்க?"

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வெச்சா. "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"உன் கடைக்கு அவங்க வந்தாங்களா இல்லையா?"

"வந்தாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கண்ணு தெரியலன்னு வர்றவங்க லிஸ்டையெல்லாம் உங்களுக்கு வந்து வாசிக்கணுமா? அவங்ககிட்ட நான் யாருன்னுகூடச் சொல்லிக்கல. நீங்கதான 'அவங்ககிட்ட நம்ம உறவைக் காட்டிக்காத'ன்னீங்க? அதான் வாயை மூடிட்டு மாட்டி அனுப்புனேன்."

"மாடி ரூம் பத்தி அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எந்த மாடி ரூம்?"

"ஐயோ, எந்த மாடி ரூமாம்! நான் 'வீட்டுக்கு மட்டும்'ல எழுதினேனே, அந்த மாடி ரூம். பொய்யா எழுதினேன். உன்னைப் பிடிக்கத்தான் எழுதினேன். உங்கண்ணன் நடுக்கடல்ல இருக்கார். உன்னை விட்டா அதைப் படிச்சது யாரு?"

 கோபம் வரும்னு எதிர்பாத்தா தையல்காரி. வரல. நாத்தனார் மூஞ்சியில வந்தது வேற, மாட்டிக்கிட்ட சின்னப் பிள்ளை மூஞ்சி மாதிரி.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நான் உங்க பதிவைப் படிக்கிறதே இல்ல."

"என்னது?"

"ஆரம்பத்துல ரெண்டு படிச்சேன். அப்புறம் பாஸ்வேர்டு மறந்து போச்சு. கேட்டா வருத்தப்படுவீங்கன்னு கேக்கல. நீங்க 'படிச்சியா'ன்னா 'சூப்பர் அண்ணி'ன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். நேர்ல இருக்கறப்போ உங்களை எதுக்குப் போன்ல போய்ப் படிக்கணும்?"

அது ஒரு அடி. உளவாளின்னு நெனச்சதை விட இது அதிகமா வலிச்சுது. வெளிய காட்டிக்கல.

"பொய்."

"பொய்யா? இந்தாங்க, என் போனு. நீங்களே உள்ள போய்ப் பாருங்க, பாஸ்வேர்டு போட்டு வெச்சிருக்கேனான்னு."

தையல்காரி போனை வாங்கி, தன்னோட வலைப்பதிவுப் பேரைத் தட்டினா. பாஸ்வேர்டு கேக்கற இடம் காலியாத்தான் இருந்துச்சு. நாத்தனார் உள்ள போகல. வெளி ஆளாத்தான் நிக்கறா. அது வரைக்கும் சரி.

ஆனா பக்கம் தொறந்துச்சு. மேலயே முதல்ல நின்னது லாண்டரி மாடி ரூம். முழுசா. 'இது வீட்டு ஆளுங்களுக்கு'ங்கிற அந்த வரி இல்ல. சிவப்பு எழுத்துல 'வீட்டுக்கு மட்டும்'னு போட்டு, அதுக்குக் கீழ காத்து நல்லா வரும்ங்கிறது வரைக்கும் எல்லாம்.

நாத்தனார் தோளுக்கு மேல எட்டிப் பாத்தா. அந்தச் சண்டையில மொத தடவையா சிரிச்சா. "என்ன அண்ணி, போர்டை மாட்டிட்டுக் கதவைத் தொறந்து போட்டிருக்கீங்க? உங்க முதலாளியம்மா 'வீட்டுக்கு மட்டும்'னதும் தன்னோட வீட்டுக்குன்னு நெனச்சுட்டாங்க போல."

தையல்காரிக்கு முதலாளியம்மாவோட புதுக் கண்ணாடி ஞாபகம் வந்துச்சு. படிக்க ஆசையா இருக்கு, கண்ணு ஒத்துழைக்கலன்னு சொன்னாங்களே. அதுக்குத்தான் கண்ணாடி. அவங்க தினமும் ஸ்டூல்ல உக்காந்து கண்ணை இடுக்கிப் படிச்சது இவளைத்தான். ஊர்ல யாரும் வந்து "இது தெரியுதும்மா"ன்னு சொல்லாததுக்குக் காரணமும் இவதான். வீட்டுப் பதிவுல எவனும் எதுவும் எழுத வேணாம்னு பின்னூட்டப் பெட்டியை எப்பவோ மூடி வெச்சிருந்தா.

"குடுங்க, நான் பாக்கறேன்"னு நாத்தனார் போனை வாங்கிக்கிட்டா. சிரிப்பு இன்னும் மூஞ்சியில இருந்துச்சு. விரலால தள்ளிக்கிட்டே போனா. "மாடி ரூமு... காத்து... இதென்ன 'எனக்கு மட்டும்'? புதுசா இருக்கு?"

"அதைப் படிக்காத! குடு இங்க."

நாத்தனார் ரெண்டு எட்டு பின்னாடி போனா. படிச்சா. வாய்விட்டுத்தான் படிச்சா, விளையாட்டா ஆரம்பிச்ச குரல்லயே.

"'வீட்டுக்குள்ளயே ஒரு ஒட்டுண்ணி. அண்ணன் சம்பாத்தியத்துல ஒட்டிக்கிட்டுக் கெடந்தது போதாதுன்னு இப்போ என் பொழப்புல கை வைக்கிது. கல்யாணம்னு ஒண்ணு நடந்திருந்தா இந்தப் பாரம் எனக்கு ஏன்? இந்த வாயையும் இந்த மூஞ்சியையும் எவன்...'"

அந்த இடத்துல நிறுத்திட்டா. மிச்சத்தை மனசுக்குள்ள படிச்சா. அது கொஞ்சம் நீளம்.

இஸ்திரிப் பெட்டி சூடாகி 'டிக்'குன்னு ஒரு சத்தம் போட்டுது.

"கோபத்துல எழுதினது. யாரும் பாக்க மாட்டாங்கன்னு..."

"எங்க கடையில ரிசப்ஷன் பொண்ணு இருக்கால்ல அண்ணி," நாத்தனார் மெதுவாச் சொன்னா, "அவ உங்க விசிறி. 'உங்க அண்ணி இன்னைக்கு என்ன எழுதியிருக்காங்க தெரியுமா'ன்னு ஜிப் சமாச்சாரம் எல்லாம் எனக்கே வந்து சொல்லுவா. ரெண்டு நாளா என்னைப் பாத்தா கண்ணைத் தாழ்த்திக்கறா. நேத்து வந்து 'சாப்டீங்களா அக்கா'ன்னு ஒரு மாதிரி கேட்டுட்டு, அவளோட டப்பாவுல பாதியை எனக்குக் குடுத்தா. ஏன்னு புரியல. இப்பதான் புரியுது."

தையல்காரி சோபா ஓரத்துல உக்காந்தா. செருப்பு இன்னும் கால்லயே இருந்துச்சு.

"நான் எங்க கண்ணாடிக் கடையில அரை நாள் வேலையா மாத்திக்கறேன்னு சொல்லிட்டேன் அண்ணி. உங்க புதுக் கடையில உங்ககூடக் கல்லாவுல உக்கார. நேத்துதான் சரின்னாங்க."

  தையல்காரியோட கை தெரிஞ்ச வேலையைத் தேடுச்சு. லேப்டாப்பை எடுத்து மடியில வெச்சு, கோடு இருக்கிற இடத்தைத் தொறந்தா.

தப்பு கண்ணு முன்னாடியே நின்னுச்சு. ஒரே வரி. 'இன் கேட்டகரி', அதாவது 'இந்த வகையில இருக்கா'ன்னு கேட்டிருந்தா. அந்தக் கேள்வி சாதாரண வகைகளை மட்டும்தான் போய்ப் பாக்கும்: ஜிப், காலர், கிழிசல். இவதான் 'வீட்டுக்கு மட்டும்'ங்கிறதை அங்கிருந்து எடுத்து, தானே உண்டாக்கின 'யாருக்கு'ங்கிற வகைப்பாட்டுக்குள்ள கொண்டுபோய் வெச்சுட்டாளே. பொருளை எடுத்து வேற பீரோவுல வெச்சா. கேள்வியைப் பழைய பீரோகிட்டயே கேட்டுக்கிட்டு இருந்தா. அது ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கு: இங்க அப்படி ஒண்ணும் இல்லைங்க. இல்லேன்னா என்ன, எல்லாருக்கும் காட்டு. எங்கயும் தப்புன்னு ஒரு சத்தம் வரல. பக்கம் உடையல. இவ பாத்தப்போ எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது. பாஸ்வேர்டு போட்டு உள்ள உக்காந்துக்கிட்டே பாத்தா சரியாத்தான தெரியும்? ஒரு தடவையாவது வெளி ஆளா நின்னு பாத்திருக்கணும். அது தோணவே இல்ல.

சொந்தமா உண்டாக்கின வகைக்கு 'ஹேஸ் டெர்ம்', அதாவது 'இந்தப் பேர் இதுல இருக்கா'ன்னு வேற கேள்வி இருக்கு. எந்தப் பேர், எந்த வகைப்பாட்டுல, ரெண்டையும் அதுகிட்ட சொல்லணும். மாத்தினா. 'வீட்டுக்கு மட்டும்', 'யாருக்கு'. கீழ அடுத்த வரியிலயும் மாத்தினா. 'எனக்கு மட்டும்', 'யாருக்கு'. சேமிச்சா. காஜா போடுற நேரம்கூட ஆகல.

"உன் போனைக் கொஞ்சம் குடு. பாக்கணும்."

நாத்தனார் குடுக்கல. தானே பக்கத்தைப் புதுப்பிச்சு, திரையை அவ பக்கம் திருப்பிக் காட்டினா. மாடி ரூம் காணோம். அந்த இடத்துல, 'இது வீட்டு ஆளுங்களுக்கு'ன்னு ஒரு வரி. அதுக்குக் கீழ இன்னொண்ணு, அதே மாதிரி. அதுக்கும் கீழ இன்னொண்ணு.

"இப்போ நல்லாப் பூட்டியிருக்கு அண்ணி"ன்னா நாத்தனார்.

"உனக்குப் புதுப் பாஸ்வேர்டு அனுப்பறேன். இப்பவே அனுப்பறேன்."

"வேணாம்."

"அந்தப் பதிவை அழிச்சுடறேன்டி. இந்தா பாரு, உன் கண்ணு முன்னாடியே அழிக்கறேன்."

"அழிங்க. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நீங்க எழுதினதுலயே நான் முழுசாப் படிச்சது அது ஒண்ணுதான்."

இஸ்திரிப் பெட்டியோட ஒயரைச் சுவத்துல இருந்து பிடுங்கினா. பாதி இஸ்திரி போட்ட கோட்டை மடிச்சு, கையில போட்டுக்கிட்டு, அவளோட அறைக்குப் போனா. கதவைச் சாத்தினா. ஓங்கிச் சாத்தல. தாழ்ப்பாள் போட்ட சத்தம் மட்டும் கேட்டுது.

அன்னைக்கு மடியில போனைக் கவுத்து வெச்சியே, அதுல என்ன இருந்துச்சுன்னு கேக்கணும்னு தையல்காரிக்குத் தோணுச்சு. எந்த வாயை வெச்சுக்கிட்டுக் கேக்கறது? கதவு வரைக்கும் போனா. விரலை மடக்கித் தட்டப் போனவ, தட்டாமத் திரும்பி வந்து, அப்பதான் செருப்பைக் கழட்டினா.

மறுநாள் காலைல நாத்தனார் ரெண்டு பையை எடுத்துக்கிட்டு, ரிசப்ஷன் பொண்ணோட ரூமுக்குக் குடி போயிட்டா. வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருந்தா. தையல்காரி இடத்துக்காரருக்குப் போன் பண்ணி, ரெண்டாவது கையெழுத்துக்கு ஆள் இல்லைன்னு சொன்னா. அவர் சரிம்மான்னு வெச்சுட்டார். கப்பல் ஏதோ கரையில நின்னிருக்கும் போல, வீட்டுக்காரர் கூப்பிட்டார். பதிவெல்லாம் பின்னாடி படிச்சுக்கறேன், தங்கச்சி எங்கன்னு கேட்டார். போயிட்டான்னு சொன்னா. அப்புறம் முதலாளியம்மா கடைக்கே போயி, ரத்தம் படாமத் தப்பின அந்தக் கவுனோட மிச்ச லைனிங்கைப் பிரிச்சு முடிச்சா.